முப்பத்தொண்ணு பி-யில் போட்ட துண்டு

ஆலடிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இந்த ஊரில் இப்படி ஒரு சங்கதி நடந்ததாமே என்று நீங்கள் யாரிடம் கேட்டாலும், டீ ஆற்றுகிறவரானாலும் சரி, பூக்கட்டுகிறவரானாலும் சரி, "ஆமா, நடந்துச்சு, அதுக்கென்ன இப்போ" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நீங்கள் நிற்பது கருவேலங்குறிச்சி பஸ் வந்து திரும்புகிற இடம், காலில் டயர் ஏறிவிடும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு டயர்தான் பெரிய விஷயம். ஒருத்தி போட்ட துண்டு பஸ்ஸுக்குள் விழாமல் பூட்டிய ரூமுக்குள் போய் விழுந்ததெல்லாம், வெயில் காலத்தில் மழை பெய்கிற மாதிரி, எப்போதாவது நடக்கிற காரியம்தான்.

நடந்தது ராசகனிக்கு. ராசகனி மேலரத வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். வேலை பார்க்கிறவள் என்று சொல்லலாம், ஆனால் நிற்கிறவள் என்பதுதான் பொருத்தம், ஏனென்றால் காலையில் கடை திறந்ததும் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் வெளியூர்ப் பெண்களை விடுகிற ஏழு மணி வரைக்கும் நிற்கிறதுதான் அவள் ஜோலி. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி மறுப்பேதும் சொல்லாமல் ஸ்டூல் வாங்கிப் போட்டார். மறுநாளே அதன் மேல் பொம்மையைத் தூக்கி வைத்துப் பட்டுச் சேலை கட்டிவிட்டார், பொம்மைக்குக் கால் வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆக, ஒரு நாளில் ராசகனி உட்காருகிற ஒரே இடம், ஏழு இருபதுக்குக் கிளம்புகிற கருவேலங்குறிச்சி கடைசி பஸ்ஸான முப்பத்தொண்ணு பி-யின் மூன்றாவது ஜன்னல் சீட்.

அந்தச் சீட்டைச் சும்மா ஒன்றும் பிடித்துவிட முடியாது. அந்தப் பக்கத்துப் பஸ்களில் ஒரு சட்டம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம், எழுதிய சட்டங்களைவிடக் கெட்டியான சட்டம்: வண்டி உள்ளே நுழைந்து நிற்பதற்குள், ஓட ஓட ஜன்னல் வழியாக யார் துண்டு போடுகிறார்களோ அந்தச் சீட் அவர்களுக்கு; துண்டுக்காரர் கடைசி ஆளாக ஏறி வந்தாலும், மந்திரியே வந்து கேட்டாலும், துண்டு கிடக்கிற சீட்டில் இன்னொருத்தர் உட்காரக் கூடாது, அந்தத் துண்டைத் தொடவும் கூடாது. துண்டு இல்லாதவர் கைக்குட்டை போடுவார், குடை போடுவார், தூக்குவாளி போடுவார்; அவசரத்தில் பல்செட்டைக் கழற்றிப் போட்டவரும் உண்டு, இடுப்புப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேறு வாசலில் ஏறப்போன தாயும் உண்டு. இதில் ராசகனியை அடிக்க ஆளில்லை. சிவப்புக்கரை வைத்த தேங்காய்ப்பூத் துண்டை நாலாய் மடித்து, ஜன்னலைப் பார்க்கக்கூடச் செய்யாமல் விட்டெறிந்தால், விரித்து வைத்தது போல் போய் உட்காரும்.

அந்தப் பஸ்ஸை நிறுத்தப் போவதாக ஒரு பேச்சு கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நின்றால் ராசகனிக்குக் கடை வேலை இல்லை. கடை வேலை இல்லையென்றால் மகள் சுகந்தியின் நர்சிங் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு சரி. புருஷன் இல்லாத வீட்டில் இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றும் இல்லை. நிறுத்துவதா ஓட்டுவதா என்று முடிவெடுப்பது வட்டாரப் பேருந்து நிதிப் பங்கீட்டுக் குழு என்ற ஒன்று. எந்தத் தடத்துக்குப் பணம், எந்தத் தடத்துக்குப் பட்டை நாமம் என்று அவர்கள்தான் வியாழக்கிழமை தோறும், கச்சேரி ரோட்டு ஆபீஸ் கலைந்த பிறகு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேசுவார்கள். உள்ளே என்ன பேசினார்கள், ஏன் பேசினார்கள் என்று வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள முயற்சி எடுக்காமல் இல்லை. கருவேலங்குறிச்சி தடப் பயணிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமே டெய்லர் அருளப்பன். ஒரு சட்டை தைக்கிற நேரத்தில் ஒரு மனு என்று எழுதித் தள்ளியவர். எந்த அடிப்படையில் பணம் ஒதுக்குகிறீர்கள், கூட்டத்தில் பயணிகள் உட்கார்ந்து கேட்கலாமா என்று அவர் கேட்டதற்கெல்லாம் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது, போகப்போக அந்தப் பதில் மனு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வர ஆரம்பித்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை, பஸ் உள்ளே நுழைந்தது, ராசகனி துண்டைப் போட்டாள், துண்டு மூன்றாவது ஜன்னல் வழியாக உள்ளே போனது. அவள் ஏறி வந்து பார்த்தால் சீட் காலியாக இருக்கிறது, துண்டைக் காணோம்.

"எவன் எடுத்தான் என் துண்ட?" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் தெரியாமல் ஹாரனை அழுத்திவிட்டார். "ஒரு பொம்பளப்புள்ள போட்ட துண்ட எடுத்தவன் கை வெளங்குமா? நாள் பூரா நின்னு கால் வீங்கிப் போயி வாரேன், எம் பொழப்பு ஒங்களுக்கு எளக்காரமா இருக்கா?"

"எக்கா, சத்தியமா உள்ள போனத நான் பாத்தேன், விழுந்தத நான் பாக்கல" என்றார் கண்டக்டர் சொரிமுத்து. "சீட் காலியாத்தான இருக்கு, மொதல்ல உக்காருங்க. துண்டு எங்க போயிரப் போகுது."

ராசகனி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சில்லென்று காற்றடித்தது. கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. பார்த்தால், சக்கரம் வைத்த, முதுகு சாய்கிற, தோல் உறை போட்ட ஒரு நாற்காலியில், தன் துண்டின் மேலேயே தான் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வழுவழுவென்று நீள மேஜை, மேஜை மேல் முந்திரிப்பருப்புத் தட்டுகள், சுற்றி அதிகாரிகள், சாத்திய கதவு. அட, துண்டு இங்கதான் இருக்கா என்று அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு சாய்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு அதிகாரி அம்மாள், பஸ்ஸில் யார் வந்து உட்கார்ந்தாலும் நகர்கிற மாதிரி ஒரு அரை ஜாண் நகர்ந்து, "எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

"கருவேலங்குறிச்சி" என்றாள் ராசகனி.

அது குழுத் தலைவருடைய நாற்காலி. தலைவர் சிவனணைஞ்ச பெருமாள் அதன் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். உட்காரப் போகும்போது நாற்காலியில் ஒரு துண்டு கிடந்தது, யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நின்றுவிட்டார். எடுத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள் சார் என்று மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஆலோசகர் அபினவ் சொல்லத்தான் செய்தார். "தம்பி, நீங்க கார்லயே போய்ப் படிச்சவரு" என்று தலைவர் தன் இடது புருவத்துத் தழும்பைத் தடவிக் காட்டினார். "காலேஜுக்குப் போகும்போது ஒருநாள் ஒரு துண்ட எடுத்துட்டேன். அதோட சரி."

ராசகனி கண் அயர்ந்திருப்பாள், அப்போதுதான் அபினவ் வாசித்தது காதில் விழுந்தது. "முப்பத்தொண்ணு பி, மாலை கடைசி நடை. பயணிகள் இல்லை. நிறுத்திடலாம்னு பரிந்துரை. மிச்சமாகிற நிதியில பஸ் ஸ்டாண்டுல ஒரு மின்னணு அறிவிப்புப் பலகை வைக்கலாம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும்னு ஜனங்க பாத்துக்குவாங்க."

"வராத பஸ்ஸுக்கு மணி பாக்கதுக்கா?" என்று ராசகனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க யாரு தாயி?" என்றார் தலைவர்.

"நீங்க ஆளில்லன்னு சொல்லுத பஸ்லதான் இப்பம் போயிட்டு இருக்கேன் அண்ணாச்சி. என்னைக்குப் போயி எண்ணுனிய?"

அபினவ் தாளைப் புரட்டி ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைச் சொன்னார். ராசகனி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கு எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழால்லா! ஊர்ல இருக்கவன் ஒருத்தனும் ஊர விட்டு நகரமாட்டான், வெளிய இருக்கவன் விடியக்காலமே வந்து சேந்துருவான். கொடையன்னைக்குச் சாயங்காலம் எவன் டவுன்லேர்ந்து பஸ் ஏறுவான்? கடையில நானே லீவு!"

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சார்" என்று கணக்கு அதிகாரி அம்மாள் முந்திரிப்பருப்புத் தட்டை ராசகனி பக்கம் நகர்த்தினார்.

சிவனணைஞ்ச பெருமாள் நல்லவருமில்லை கெட்டவருமில்லை, கால் வலிக்கிறவர். இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள், அடுத்த மாதக் கடைசி வியாழக்கிழமை முடிவெடுப்போம் என்று அபினவிடம் சொன்னார். அபினவ் மெட்ராஸிலிருந்து இறங்குவதே வியாழக்கிழமைதான் என்பதால், எண்ணிக்கையும் வியாழக்கிழமைகளில்தான் என்று ஆனது. அதற்குள் எங்கிருந்தோ "கருவேலங்குறிச்சி எல்லாம் எறங்கு" என்று சொரிமுத்து குரல் கேட்டது, ராசகனி எழுந்தாள், எழுந்த கால் பஸ் படியில் இருந்தது, இறங்கி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் அவள் இதைச் சொன்னபோது ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. ரூமில் ஏசி உண்டா என்று கேட்டார்கள். முந்திரிப்பருப்பு வறுத்ததா வறுக்காததா என்று கேட்டார்கள். மீன்காரி ஜெபக்கனி, கூடையோடு போனால் உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். டெய்லர் அருளப்பன் மட்டும் கண் கலங்கிப் போய், "எம்மா, அங்கன என் மனு எங்கயாவது இருந்துச்சா?" என்றார்.

"மனு ஒண்ணும் கண்ணுல படல அண்ணாச்சி. ஆனா இடம் இருக்கு. மேச சுத்தி நெறைய நாக்காலி."

அடுத்த வியாழக்கிழமை முப்பத்தொண்ணு பி உள்ளே நுழைந்ததும் ஜன்னல்களில் மழையாய்ப் பெய்தது. துண்டு, கைக்குட்டை, குடை, லஞ்ச் பை, அருளப்பனின் அளவு டேப், மீன்கூடைக்கு அடியில் ஜெபக்கனி தலையில் வைக்கிற சும்மாடு. ஒன்றும் பஸ்ஸுக்குள் விழவில்லை, எல்லாம் நேரே கச்சேரி ரோட்டில் பூட்டிய ரூமுக்குள் போய்ச் சொத் சொத்தென்று நாற்காலிகளில் விழுந்தன. போட்டவர்கள் ஏறி, காலிச் சீட்டில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த சூட்டில் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். அதிகாரிகள் எல்லாரும் நின்றார்கள். துண்டு கிடக்கும்போது என்ன செய்ய முடியும்? அவர்களும் இந்தப் பக்கத்துத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே.

நிற்கிற ஆள் கையில் சுமை இருந்தால் உட்கார்ந்திருக்கிறவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பஸ் மரியாதை. "அந்த ஃபைலக் குடுங்க சார், எம்புட்டு நேரம் தூக்கிக்கிட்டு நிப்பிய" என்று ஜெபக்கனி வாங்கிக்கொண்டாள். அருளப்பன் மடியில் மூன்று ஃபைல்கள் சேர்ந்தன. இத்தனை வருஷமாக இரும்பு பீரோவில் இருந்த காகிதமெல்லாம் இப்படித்தான் ஜனங்கள் மடிக்கு வந்தது, அதில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. மடியில் இருப்பதை மனுஷன் பிரித்துப் பார்க்கத்தானே செய்வான். "இந்த ஊருக்கு எதுக்கு ரெண்டு பஸ், அங்க இருக்கவனெல்லாம் மோட்டார் சைக்கிள் வச்சிருக்கான்" என்பார் ஒருத்தர். "அது எங்க மாமா ஊருல்லா, வேணும்தான் குடுங்க" என்பார் இன்னொருத்தர். எந்த வரிக்கும் காரணம் சொல்ல வேண்டி வந்ததால், வழக்கமாக அரை மணியில் முடிகிற கூட்டம் கருவேலங்குறிச்சி வரைக்கும் நீண்டது.

குழுவும் சும்மா இருந்துவிடவில்லை. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தார்கள். துண்டு ஜன்னல் வழியாக வருவதே இல்லை, ஆலடிக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வருகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. பியூனை முன்கூட்டியே அனுப்பி நாற்காலிகளில் தங்கள் துண்டுகளைப் போடச் சொன்னார்கள். பியூன் ஜெபக்கனிக்குத் தம்பி முறை, அவர் போட்ட துண்டெல்லாம் எப்படியோ கீழே விழுந்து கிடந்தது. அருவிக்கரை விருந்தினர் மாளிகைக்குக் கூட்டத்தை மாற்றினார்கள்; துண்டுகள் அங்கேயும் வந்தன, சாரலில் கொஞ்சம் நனைந்து வந்தன. கடைசியில் கணக்கு அதிகாரி அம்மாள்தான், "கதவத் தாழ் போடுதப்பதான் சார் விழுது, போன வாரம் பியூன் காப்பி கொண்டாரக் கதவு தெறந்திருந்தப்ப ஒண்ணும் விழல. தெறந்தே வச்சிருவோமே" என்றார்.

ரூமே அதிர்ந்து போயிற்று. "கதவத் தெறந்து வச்சிக்கிட்டு எப்படிம்மா முடிவெடுக்க முடியும்?" என்று தலைவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்த யோசனையை அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் அபினவ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணுகிற மெஷினோடு முப்பத்தொண்ணு பி-யில் ஏறினார். பஸ் முழுக்கக் காலி. டிரைவர், சொரிமுத்து, ஒரு ஆட்டுக்குட்டி. "டிக்கெட் இவ்வளவு குடுத்திருக்கீங்க, ஆள் எங்க?" என்று கேட்டார். "எல்லாரும் மீட்டிங்ல இருக்காவ சார், ஊர் வந்ததும் எறங்குவாவ" என்றார் சொரிமுத்து உள்ளதை உள்ளபடி. அபினவ் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் பூஜ்யம். அந்த ஆட்டுக்குட்டியும் அந்த வாரம் வரவில்லை.

இந்தச் செய்தி சொரிமுத்து வழியாக வந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒரே களேபரம். கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் பஸ் காலி, காலியாக ஓடுகிற பஸ்ஸை நிறுத்துவார்கள். பஸ்ஸில் இருந்து ஆளைக் காட்டினால் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் இஷ்டத்துக்கு நிறுத்துவார்கள். மாதக் கடைசி வியாழக்கிழமை வந்துவிட்டது. "பாதிப் பேர் அங்க போவோம், பாதிப் பேர் இங்க இருப்போம்" என்றாள் ஜெபக்கனி. "பாதி பஸ்ஸுன்னு எழுதிப் பாதி தூரத்துல எறக்கி விட்டுருவான்" என்றார் அருளப்பன். ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

ராசகனி கத்தவில்லை. அன்று கடையில் முகூர்த்தக் கூட்டம், பகல் முழுக்க ஒரு நிமிஷம் சுவரில் சாயக்கூட முடியவில்லை, கணுக்கால் இரண்டும் பந்தாய் வீங்கியிருந்தன. மகள் காலையில், படிப்பை நிறுத்துவதாகக் காலேஜுக்கு எழுதிய தாளைக் காட்டி, "பஸ்ஸப் பத்தி ஒண்ணும் தெரியலன்னா டி.சி. வாங்கிரட்டாம்மா" என்று கேட்டது நாள் முழுக்கக் காதிலேயே நின்றது. அவளுக்கு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் வேண்டியதில்லை, ஒரு சீட் வேண்டும், அது கிழிந்த ரெக்ஸின் சீட்டானாலும் சரி, சக்கரம் வைத்த சீட்டானாலும் சரி. அப்படி நினைக்க நினைக்கத்தான், உட்கார்ந்தால்தானே ஆள் அந்த ரூமுக்குப் போகிறது என்று அவளுக்கு வெளிச்சமாயிற்று, வந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்தது.

"துண்டு போடுவோம்" என்றாள். "எல்லாரும் போடுவோம். ஆனா ஒருத்தரும் உக்காரக் கூடாது."

"போட்டுட்டு?"

"நிப்போம். துண்டு அங்க கெடக்கும், நாம இங்க நிப்போம். துண்டு கெடந்தா ஆள் இருக்க மாதிரிதான? அவியளால உக்காரவும் முடியாது, தொடவும் முடியாது. பஸ்ஸும் ரொம்பியிருக்கும். ஊர் போய்ச் சேருத வரைக்கும் எவளாவது கால் வலிக்குன்னு சீட்டுல சாஞ்சிய, நான் மனுசியா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

அப்படியே செய்தார்கள். பஸ் வந்தது, துண்டுகள் பறந்தன, ஜனங்கள் ஏறினார்கள். வழக்கமாக வருகிறவர்களோடு, இந்தப் பேச்சைக் கேட்டுக் காலைப் பஸ்காரர்களும், பஸ்ஸே ஏறாத சொந்தக்காரர்களும், கொடைக்கு வருவது போல வந்து ஏறினார்கள். சீட்டெல்லாம் காலி, நடுவழியில் ஊசி குத்த இடமில்லை. வயதானவர்கள்கூடச் சீட் கம்பியைப் பிடித்து நின்றார்களே தவிர உட்காரவில்லை. எண்ணுகிற மெஷினோடு ஏறிய அபினவ் உள்ளே இழுத்துச் செல்லப்பட்டு, கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்ததோடு சரி. மெஷின் அந்தக் கையில் இருந்தது, அதை அமுக்கக் கட்டைவிரல் போதும், ஆனால் யாரை எண்ணியாயிற்று யாரை எண்ணவில்லை என்று பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

கச்சேரி ரோட்டில் தாழ்ப்பாள் போட்டதும் சொத் சொத்தென்று துண்டு விழுந்தது. அதிகாரிகள் பழகிய மாதிரி எழுந்து நின்று, ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. கால் கடுத்தது. ஆள் இருந்தால் ஏதாவது பேசலாம், ஃபைலைக் கொடுத்து வைக்கலாம். வெறும் துண்டோடு எவ்வளவு நேரம் நிற்பது? உறுப்பினர்கள் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதி வேறு இருந்தது. சிவனணைஞ்ச பெருமாள் ஒரு மூச்சு விட்டு, "துண்டுக்காரங்களக் கூட்டியாந்துதான் எடுக்கணும்" என்றார். துண்டுகள் உள்ளே கிடக்க ரூமை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, இரண்டு காரில் ஏறி, புளியந்தோப்பு ஸ்டாப்பில் முப்பத்தொண்ணு பி-யை மறித்தார்கள்.

"யம்மா, யாராவது வந்து துண்ட எடுங்க" என்று தலைவர் படியில் ஏறி நின்று கெஞ்சினார். பின்னாலேயே உறுப்பினர்களும் தொற்றிக்கொண்டார்கள்.

"ஏறுனா உள்ள போங்க, இல்லன்னா எறங்குங்க, படியில நிக்காதிய" என்று சொரிமுத்து இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது. குழு முழுக்க உள்ளே தள்ளப்பட்டது.

தலைவருக்கு மூன்றாவது ஜன்னலோரம் காலிச் சீட் கண்ணில் பட்டது. அம்மாடி என்று அதில் உட்காரக் குனிந்தார்.

"அண்ணாச்சி, அதுல துண்டு கெடக்கு" என்றாள் ராசகனி பக்கத்தில் நின்றுகொண்டு.

"எங்கம்மா கெடக்கு?"

"உங்க ரூம்ல."

சிவனணைஞ்ச பெருமாள் புருவத்தைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். "நீங்களாவது உக்காந்து எடுங்க தாயி."

"நான் உக்காந்தா அங்க போயிருவேன், பஸ் காலின்னு இவரு எழுதிருவாரு. மாட்டேன். கால் ஒடிஞ்சாலும் உக்காரமாட்டேன். எம் மவ படிப்பு இந்தப் பஸ்ஸுல நிக்கி அண்ணாச்சி. முடிவு சொல்லணும்னா இங்கன வச்சி, எல்லாருக்கும் கேக்க மாதிரி சொல்லுங்க."

"சார், கூட்டம்னா கதவு…" என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார். எல்லாரும் பஸ்ஸின் வாசலைப் பார்த்தார்கள். அந்தப் பஸ்ஸுக்குக் கதவு கழன்று விழுந்து ரொம்ப நாளாகிறது, அந்த இடத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

தலைவர் யோசித்தார். அக்குளில் யாரோ ஒருவரின் காய்கறிப் பை இடித்தது. "சரி. இங்கனயே ஆகட்டும். முப்பத்தொண்ணு பி கடைசி நடை தொடரணும்ங்கிற உறுப்பினருங்க கையத் தூக்குங்க."

எல்லா உறுப்பினர் கைகளும் ஏற்கெனவே மேலேதான் இருந்தன, ஒன்று கம்பியில், ஒன்று கம்பியைப் பிடித்தவர் மணிக்கட்டில். "சார், இது பிடிமானத்துக்காகத் தூக்குன கை!" என்று ஆலோசகர் அபினவ் எங்கிருந்தோ கத்தினார். அவருக்கு ஓட்டு உண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எதிர்ப்புன்னா கைய எறக்குங்க தம்பி, அவ்வளவுதான" என்றார் தலைவர்.

அபினவ் இறக்கத்தான் பார்த்தார். சரியாக அப்போது டிரைவர் பெரியவாய்க்கால் வளைவைப் பிடித்து ஒடித்தார், பஸ் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஐயோ என்றது, அபினவின் இன்னொரு கையும் பாய்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு கை தூக்கியிருக்காரு சார், அப்படியே எழுதிக்கிடவா?" என்றார் கணக்கு அதிகாரி அம்மாள்.

பஸ்ஸே சிரித்தது. ராசகனி மட்டும் சிரிக்கவில்லை. "காரணம் சொல்லுங்க அண்ணாச்சி. நிறுத்ததுக்குக் காரணம் எழுதுனியள்லா, ஓட்டுததுக்கும் எழுதணும். எல்லாருக்கும் கேக்கணும்."

சிவனணைஞ்ச பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், எதிரே இருந்த ஆளின் முதுகைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னார்: "முப்பத்தொண்ணு பி தொடர்ந்து ஓடும். காரணம், பயணிகளை எண்ண முடியவில்லை. கழுத்தைத் திருப்ப இடமில்லை."

முன்பக்கம் கேட்டது, பின்பக்கம் கேட்கவில்லை என்று கத்தினார்கள், இன்னொரு தரம் சொல்ல வைத்தார்கள். அருளப்பன் கை தட்டப் போய் விழப் பார்த்தார். ராசகனிக்குக் கண்ணீர் கொட்டியது, இரண்டு கையும் கம்பியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை, ஜெபக்கனியின் தோளிலேயே துடைத்துக்கொண்டாள், மீன் வாடை அடித்தது. பையிலிருந்த போன் அடித்தபோது அருளப்பன்தான் அதை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"ஏட்டி சுகந்தி, பஸ் உண்டு. அந்தத் தாளக் கிழிச்சுப் போடு. படிக்கப் போ."

அந்தப் பக்கம் மகள் "சரிம்மா" என்றாள். அப்புறம், "நீ எங்கம்மா இருக்க, ஒரே சத்தமா இருக்கு? உக்காந்துட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி" என்றாள் ராசகனி. முழங்காலுக்குக் கீழே நெருப்பாய் எரிந்தது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்கு நின்னுக்கிட்டுதான் வாரேன்."